1949 மேர்க்கியூரி 1/25: கூரை பதிக்கிறதும் கான்டி சிவப்பும்

கேள்வி:
1949 மேர்க்கியூரி காரின்ர பிளாஸ்டிக் மொடல் கிட், 1/25 (நிசக் காரின்ர 25இல ஒரு பங்கு அளவு). தூண்களை வெட்டிக் கூரையை நிசக் கார் அளவில 4 அங்குலம் பதிச்சு, கான்டி சிவப்பு (மினுங்கிற அடிப்பூச்சுக்கு மேல அடிக்கிற, ஒளி ஊடுருவிற சிவப்பு) அடிச்சு, ஷோ காராச் செய்ய வேணும். எந்த ஒழுங்கில தொடங்கிறது? வெட்டின பிறகு கண்ணாடிக்கு என்ன வழி? இப்ப யாழ்ப்பாணத்தில மழை, ஸ்பிறே அடிக்கலாமோ?

பதில் 1:
4 அங்குலம் எண்டா 101.6 மிமீ. 25ஆல வகுத்தா 4 மிமீ சொச்சம். வெட்ட முதல் பொடி, சேசி, சில்லு எல்லாத்தையும் மாஸ்கிங் ரேப்பால பொருத்தி நிப்பாட்டிப் பாருங்கோ தம்பி. கார் எவ்வளவு பதிஞ்சு நிக்கும் எண்டு தெரியாமக் கூரையில கை வைக்கக் கூடாது.

தூண்களில 4 மிமீ அகல ரேப் ஒட்டி, ரெண்டு ஓரமும் மெல்லிய வாளால அறுங்கோ. முன் தூண் சரிவு எண்டதால கூரையை இறக்கினதும் மேல் துண்டு கீழ் துண்டுக்குப் பின்னால நிக்கும். கூரையை முன்னுக்குத் தள்ளினா பின்னால இடைவெளி விழும். அதாலதான் பின்கண்ணாடிச் சட்டத்தைத் தனிய வெட்டி, முன்னுக்குச் சரிச்சு ஒட்டுறது. இந்தக் காரின்ர வடிவமே அந்தச் சரிவிலதான் இருக்கு, அவசரப்படாதேங்கோ. மிச்ச இடைவெளிக்கு ஸ்டைரீன் (கிட் செய்த அதே பிளாஸ்டிக்) ஷீட் வையுங்கோ. புட்டியைத் தடிப்பா அப்பினா பிறகு சுருங்கி, பெயின்ட்டுக்கு மேலால கோடு தெரியும்.

கிட் கண்ணாடி இனிப் பொருந்தாது. மட்டையில அளவு வெட்டிப் பாத்திட்டு ஓஎச்பி ஷீட்டில (மெல்லிய தெளிவான பிளாஸ்டிக் தாள்) வெட்டுங்கோ. முன்கண்ணாடி நடுவில பிரிஞ்ச ரெண்டு துண்டு, வேலை லேசு. சுப்பர் குளூ வேண்டாம், ஆவி வெள்ளையாப் படியும். காய்ஞ்சாத் தெளியிற வெள்ளைப் பசை போதும்.

பதில் 2:
மாரியில லக்கர் (தின்னர் கலந்து அடிக்கிற, கெதியாக் காயிற பெயின்ட்) அடிக்காதேங்கோ. தின்னர் ஆவியாகேக்க மேற்பரப்பு குளிர்ந்து, காத்தின்ர ஈரம் படிஞ்சு வெள்ளை பூக்கும். கார்த்திகை, மார்கழியில வெட்டும் புட்டியும். பெயின்ட் மாசி, பங்குனிக்கு. அதுக்கும் பிந்தினாச் சோளகம் தூசியோட வந்திடும்.

கார் பெயின்ட் கடைப் பிறைமர் (அடிப்பூச்சு) ஈரமா விழுந்தா ஸ்டைரீனை அரிக்கும். பிளாஸ்டிக் கரண்டியில அடிச்சுப் பாத்திட்டு, மெல்லிசாத் தூவுங்கோ.

கான்டியின்ர நிறம் ஒவ்வொரு பூச்சுக்கும் கடுமையாகும். பொனற்றைத் தனிய இன்னொரு நாள் அடிச்சா ரெண்டு சிவப்பு வரும். எல்லாப் பாகமும் ஒரே நேரம், ஒரே எண்ணிக்கைப் பூச்சு. அடியில வெள்ளி எண்டாத் தெளிவான சிவப்பு, பொன் எண்டாச் செம்மஞ்சள் சாயல். கான்டியை நேரத் தேய்ச்சா அந்த இடம் வெளிறும். கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிச்ச பிறகுதான் 2000 அரத்தாள்.

பதில் 3:
பம்பரில அச்சு பொருந்தின இடத்தில விழுந்திருக்கிற கோட்டையும் பாருங்கோ, அதைத் தேய்க்க முதல் குரோமைக் கழட்ட வேணும். குளோரின் வெளுப்பு நீரில ஊறப் போட்டாக் குரோம் கழரும். அதோட வேற ஒண்டும் கலக்கக் கூடாது, யன்னல் திறந்திருக்க வேணும். மென்மையான ரயர் நாளாக றிம்மை உருக்கும், இடையில அலுமினியத் தாள் ஒரு சுத்து விடுங்கோ.