கல்போன் ஆலயம்: கார் போகுமா, நடந்தேதான் போகணுமா?

கேள்வி:
இங்கிலாந்தில் சாமர்செட் கடலோரக் காட்டுக்குள் இருக்கும் கல்போன் புனித பியூனோ ஆலயத்துக்குப் போகத் திட்டம். வாசல் வரை கார் போகாது என்கிறார்கள், ஆனால் காரின் வழிகாட்டிக் கருவி (சாட்நாவ்) ஏ39 சாலையிலிருந்து ஏதோ ஒரு சந்து வழியைக் காட்டுகிறது. அறுபதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். எந்த வழி நல்லது? உள்ளே எதைப் பார்க்காமல் வரக்கூடாது?

பதில் 1:
சாட்நாவை அணைத்துவிடுங்கள். அந்தச் சந்தெல்லாம் பண்ணைப் பாதை. எதிரில் டிராக்டர் வந்தால் நீங்கள்தான் ரிவர்ஸ் எடுக்கணும். போதாததற்கு ஏ39-இல் வரும் போர்லாக் மேடு, நாலடிக்கு ஓரடி ஏறும் செங்குத்துச் சரிவு.

போர்லாக் வியர் என்ற கடலோரச் சிற்றூரில் காரை விட்டு நடங்கள். ஒரு பக்கம் சுமார் 2 மைல், போக ஒரு மணி நேரம். கடல் மட்டத்தில் தொடங்கி ஏறக்குறைய 400 அடி ஏறணும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை. ஈர இலை வழுக்கும், கைத்தடி கட்டாயம். வொர்தி சுங்கச் சாவடியில் வண்டிப் பாதையில் போய்விடாதீர்கள், நடைபாதைக்கான ஓக் கொட்டைச் சின்னம் காட்டும் வளைவு வாயிலுக்குள் நுழையணும். அதைத் தாண்டி வரும் சிறு சுரங்கங்கள் ஆஷ்லி கூம் மாளிகையைச் சேர்ந்தவை. கணினி நிரல் வரலாற்றில் வரும் ஏடா லவ்லேஸ் குடும்பத்தின் கோடை வீடாக இருந்தது அது.

நிலச்சரிவால் பாதையை மேலே மாற்றியிருக்கிறார்கள். பழைய வரைபடத்தை நம்பிக் கடல் பக்கம் இறங்கக் கூடாது. ஆலயத்தருகே கடை, கழிப்பறை எதுவும் கிடையாது.

பதில் 2:
ஆலயத்தின் மொத்த நீளமே 35 அடி. மக்கள் அமரும் பகுதியின் அகலம் 12 அடி சொச்சம், 30 பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். முதுகுப் பையோடு நாலு பேர் திரும்பினாலே இடிக்கும், பையை முகப்பிலேயே வையுங்கள். ஜன்னல்கள் சிறியவை, வெயிலிலிருந்து நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. இரண்டு நிமிடம் நின்றால்தான் பீடத்துக்கு முன்னுள்ள மரத் தடுப்பின் செதுக்கல் தெளியும். பலர் அதற்குள் ஒரு படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்!

பிறகு வெளியே வந்து வடக்குச் சுவருக்குச் சுற்றிப் போங்கள். அங்கே ஒரே மணற்கல்லில் குடைந்த இரட்டை ஜன்னல், நடுத்தூணின் தலையில் தேய்ந்த ஒரு முகம். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்கும் முந்தையது என்பார்கள். கூரைமேல் உள்ள கூம்பு போர்லாக் ஆலயக் கோபுரத்தின் ஒடிந்த நுனி என்பது கட்டுக்கதை, ஆனால் அந்தக் கோபுரம் மொட்டையாக நிற்பது உண்மை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் ‘குப்ளா கான்’ கவிதையை எழுதிய பண்ணை பக்கத்தில்தானே? அதையும் சேர்த்துப் பார்க்கலாமா?

பதில் 1:
அவர் கைப்பட எழுதிய பிரதி பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1797 இலையுதிர் காலத்தில், கல்போன் ஆலயத்திலிருந்து கால் மைலில் ஒரு பண்ணை வீடு என்று அதில் குறித்திருக்கிறார், பெயர் சொல்லவில்லை. ஆஷ் பண்ணை என்பார் பலர், வேறு பண்ணையைச் சொல்வோரும் உண்டு. எதுவானாலும் மேலே இன்னொரு ஏற்றம். பெரியவர்களோடு வேண்டாம்.

பதில் 3:
ஒன்று விட்டுப்போச்சு. இன்றும் அவ்வப்போது ஆராதனை நடக்கும் ஆலயம் அது. நடந்துகொண்டிருந்தால் வெளியே காத்திருங்கள். இவ்வளவு சின்ன இடத்தில் கதவு திறந்தால் எல்லார் தலையும் திரும்பும். வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். பறவை உள்ளே போனால் வெளியேற வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளும், எச்சம் பழைய மரத்தைக் கெடுக்கும்.