ஓப்பன்னெஸ் ஃபேக்டர்: 'திறப்புக் காரணி'யா, 'கண்பங்கு' என்போமா?

அனைவருக்கும் வணக்கம்.

சன்னல் திரைத்துணிச் சொற்பட்டியலில் ஓப்பன்னெஸ் ஃபேக்டர் (openness factor) என்ற, துணி நெசவின் இடைவெளி அளவைக் குறிக்கும் சொல்லுக்குத் 'திறப்புக் காரணி' என்று முன்வைத்திருந்தீர்கள், ஐயா. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுருள்திரையை ஏற்றி இறக்குவதைத்தான் வீட்டில் திறப்பது, மூடுவது என்கிறோம். துணியில் '5% திறப்பு' என்று எழுதியிருந்தால், திரையை அவ்வளவு தூக்கிவைக்கச் சொல்கிறார்கள் என்றே படிப்பவர் நினைப்பார்.

அந்த எண் சொல்வது நெசவைப் பற்றி. துணிப் பரப்பில் இழை மூடாத இடைவெளி எத்தனை விழுக்காடு என்பதுதான் அது. பெரும்பாலும் 1, 3, 5, 10 என்று வரும். இந்த இடைவெளிக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது: கண். சல்லடைக்கும் மீன்வலைக்கும் கண் உண்டு. கொசுவலை வாங்கும்போதும் கண் நெருக்கமாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். ஆகவே 'கண்பங்கு'. முழுப் பரப்பில் ஒரு பங்கு என்பதால் 'காரணி'யும் தேவையில்லை.

இதற்கே 'ஒளிபுகு அளவு' என்று இங்கே ஓர் அம்மையார் சொன்னது நல்ல சொல்தான். ஆனால் அது வேறொன்றுக்கு வேண்டும். போன வாரம் என் மேற்குச் சன்னலில் இரண்டு மாதிரித் துண்டுகளை ஒட்டிப் பார்த்தேன். இரண்டும் 5%, ஒன்று வெள்ளை, மற்றது கரிநிறம். மாலை நான்கு மணி வெயிலில் வெள்ளைத் துண்டு முழுக்க ஒளிர்ந்தது. கண் கூசியது, வெளியே இருப்பது மங்கலாகத்தான் தெரிந்தது. கரித்துண்டின் வழியே எதிரேயுள்ள வேப்பமரத்தின் கிளை பளிச்சென்று தெரிந்தது. கண்பங்கு இரண்டுக்கும் ஒன்றேதான். வெள்ளை இழை ஒளியைத் தன்னூடே கசியவிட்டுச் சிதறடிக்கிறது, கரி இழை விழுங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை 'ஒளிபுகு அளவு' சொல்லட்டும்.

சரி, வெப்பம்? அங்கே நிலைமை தலைகீழ். கரித்துண்டைத் தொட்டால் சூடு. விழுங்கிய வெயில் வெப்பமாகி அறைக்குள்ளேயே பரவுகிறது. துணி உமிழும் வெப்பக் கதிர் கண்ணாடியை நேரே ஊடுருவிப் போகாது. வெள்ளையோ வெயிலில் பெரும்பகுதியை வந்த வழியே திருப்பிவிடுகிறது; இதுதான் எதிரொளிப்பு. (தாழ்வாரத்தின் வெளிப்பக்கம் கட்டும் மூங்கில் தட்டியின் அருமை இதில்தான் இருக்கிறது. சூடாவது வீட்டுக்கு வெளியே.) ஆக, கண்பங்கு ஒன்றே ஆனாலும் நிறத்தைப் பொறுத்துத் துணியின் தன்மை மாறிவிடும். அதனால் கண்பங்கு, ஒளிபுகு அளவு, எதிரொளிப்பு மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம், கிளேர் (glare), அதாவது வெளிச்சம் கண்ணை உறுத்துவது; அதற்கு 'மிகையொளி' என்ற சொல் வேண்டாம். இருண்ட அறையில் ஒரு சிறு சன்னல் வெளிச்சமே கண்ணை உறுத்தும்; அங்கே ஒளி மிகுதியாக இல்லை. 'கண்கூச்சம்' எல்லோர் வாயிலும் இருக்கிற சொல், அதையே வைப்போம்.

புணர்ச்சிப்படி 'கட்பங்கு' என்று வர வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்புலன் போல வரலாம்தான். ஆனால் அப்படி எழுதினால் 'கள்' என்றும் பிரிபடும், கண் மறைந்துவிடும். கண்பார்வை என்று எழுதிப் பழகிய நமக்குக் 'கண்பங்கு' உறுத்தாது.