நீதிபதி ஆலன் பேஜை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

மினியாபோலிசுக்கு வந்த முதல் வருடம். அக்டோபரில் ஒரு ஞாயிறு காலை, ட்வின் சிட்டீஸ் மாரத்தானில் ஓடும் நண்பனை உற்சாகப்படுத்தத் தெருவோரம் போய் நின்றேன். குளிர் காதைக் கடித்தது. சற்றுத் தள்ளி 'பூம், பூம்' என்று அடிவயிற்றை அதிரவைக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், எழுபது தாண்டிய கறுப்பினத்தவர் ஒருவர் சூசபோன் ஊதிக்கொண்டிருந்தார். உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேல் அண்டா வாய் மாதிரி விரியுமே, அந்த வாத்தியம். ஓடுகிறவர்கள் அவரைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். யார் இவர் என்று பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஊரில் கேட்கக்கூடாத கேள்வி போலிருக்கிறது.

மினசோட்டா மாநில உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி ஆலன் பேஜ். அதற்கு முன்னால் வைக்கிங்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர். வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் தூக்கம் போனது. ஒஹாயோவின் கேன்டன் ஊர்க்காரர். பெரிய ஆட்டக்காரர்களின் பெயரைப் பொறித்து வைக்கும் அமெரிக்கக் கால்பந்துப் புகழரங்கம் அங்கேதான் இருக்கிறது. அதைக் கட்டும்போது இளைஞரான இவர் கட்டட வேலை பார்த்திருக்கிறார். 1988இல் அதே அரங்கத்தில் இவர் பெயரையும் சேர்த்தார்கள். 1971இல் என்எஃப்எல் என்ற தேசியக் கால்பந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

எனக்குப் பிடித்தது 1978. ஆடிக்கொண்டே படித்து, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கிய வருடம். அதே வருடம் வைக்கிங்ஸ் அவரைக் கழற்றிவிட்டது. ஓடி ஓடி எடை குறைந்துபோனதும் ஒரு காரணம் என்கிறார்கள். சிகாகோ பேர்ஸ் அணி வெறும் 100 டாலருக்கு எடுத்துக்கொண்டது. அடுத்த வருடமே முழு மாரத்தான் ஓடி முடித்தார்.

நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

மறுமொழி 1

பார்த்திருக்கிறேன், ஒரு நூலகத்தில். குழந்தைகளுக்குக் கதை படிக்க வந்திருந்தார். என் பையன் கதையைக் கேட்கவே இல்லை, அவர் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் பிசகிய விரல், கையிலிருந்து செங்குத்தாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த விரலை வைத்தே மகளோடு சேர்ந்து ஒரு படக்கதைப் புத்தகம் எழுதியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் பையன் ஒரு வாரம் விரலை வளைத்துக்கொண்டு சாப்பிட்டான். சாம்பார் சாதம் பாதி தரையில்.

1988இல் அவரும் மனைவி டயானும் தொடங்கிய பேஜ் கல்வி அறக்கட்டளையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. உதவித்தொகை வாங்கும் கல்லூரிப் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பில் உதவ வேண்டும். அதுதான் நிபந்தனை.

மறுமொழி 2

ஒரு சின்னத் திருத்தம். 'ஆட்டக்காரர் நீதிபதியானார்' என்று ஒரே மூச்சில் சொன்னால், பெயரை வைத்து ஓட்டு வாங்கினார் என்று தோன்றும். (ஆமாம், அங்கே நீதிபதிக்கும் ஓட்டுத்தான்.) நடுவில் பத்து வருடத்துக்கு மேல் வக்கீல் வேலை இருக்கிறது. முதலில் தனியார் நிறுவனம், அப்புறம் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம். 1992இல் தேர்தலில் நிற்பதற்கே வழக்குப் போட வேண்டியிருந்தது. ஏற்கெனவே பதவியிலிருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்து, தேர்தலே இல்லாமல் பண்ணப் பார்த்தார். பேஜ் வழக்கிலும் ஜெயித்தார், தேர்தலிலும் ஜெயித்தார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. 70 வயதில் கட்டாய ஓய்வு என்பதால் 2015இல் இறங்கினார்.

நான் அவரைப் பார்த்ததில்லை, அவர் வீட்டுப் பொருள்களைப் பார்த்தேன். 2018இல் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் எங்கள் ஊரில் நடந்த சமயம், அவரும் டயானும் சேர்த்துவைத்தவற்றை மத்திய நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று எழுதிய பழைய அறிவிப்புப் பலகைகள். லிங்கனின் இறுதி ஊர்வலக் காலத்துப் பதாகை ஒன்று. வெளியே ஊரே வைக்கிங்ஸின் ஊதா ஜெர்சியில் திரிந்தது. உள்ளே ஒரு பலகை முன்னால் ஒரு பாட்டி அசையாமல் நின்றிருந்தார். நானும் அவர் நகரும்வரை காத்திருந்தேன்.

முதலில் எழுதியவர்

திருத்தத்துக்கு நன்றி. விரலை நான் கவனிக்கவே இல்லை, வாத்தியம் மறைத்துவிட்டது. இதையெல்லாம் என் நண்பனிடம் சொன்னேன். பேஜைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறான். காதில் இயர்போன் மாட்டியிருந்தானாம், ஒன்றுமே கேட்கவில்லையாம்.