கீரையில் ஓடியது ரத்தமா, மணியா?

பனையோலை: "பசலைக்கீரை இலைக்குள் மனித ரத்தம் ஓடியது, இதயம் துடித்தது" என்று மேலே உள்ள பதிவில் ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதத் திசுவுக்கு இலை நரம்பையே ரத்தக்குழாயாக்க முடியுமா என்று 2017இல் அமெரிக்காவின் வொர்செஸ்டர் பாலிடெக்னிக்கில் நடந்த ஆய்வு அது. காம்பு வழியே சோப்புக் கரைசல் போன்ற ஒன்றைச் செலுத்தி இலையின் செல்களைக் கழுவி எடுத்தார்கள். மிஞ்சிய நரம்புக் கூட்டில் ஓடவிட்டது ரத்த அணு அளவுள்ள நுண்மணிகளை. மணி ஐயா, ரத்தம் இல்லை.

செங்காந்தள்: அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடுமா? இலைமேல் விதைத்த இதயத் தசைச் செல்கள் மூன்று வாரம் துடித்தன. அதை விட்டுவிட்டு மணியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

பனையோலை: செல்கள் துடித்தன, யார் இல்லை என்றது? இதயம் துடிக்கவில்லை. ஓடியதும் மணிதான்.

மூன்றாம்பிறை: கீரையோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? 2012இலேயே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சர்க்கரைக் கம்பிகளால் வலை அச்சடித்து, செல் கலந்த ஜெல்லை அதன்மேல் ஊற்றி, சர்க்கரையைக் கரைத்துவிட்டார்கள். உள்ளே குழாய் வலை தயார். அதில் ஓடியது சாட்சாத் ரத்தம்.

செங்காந்தள்: அப்படிப் போடுங்கள்!

பனையோலை: எப்படிப் போட? நீங்கள் சொன்னது கீரை. அதோடு, சர்க்கரைக் குழாயின் குறுக்களவு நூறு மைக்ரானுக்கு மேல்; மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் உடலின் மிக நுண்ணிய ரத்தக்குழாயான தந்துகி ஐந்திலிருந்து பத்து. குழாயிலிருந்து ஆக்சிஜன் நூறு, இருநூறு மைக்ரான் தூரம்தான் ஊறும். அதைத் தாண்டியிருக்கும் செல் செத்துப்போகும். அவ்வளவு நெருக்கமாகத் தந்துகி வலை பின்னுவதுதான் பெரும்பாடு. அதைப் பேசலாம் என்று வந்தால் கீரையில் ரத்தம் ஓட்டுகிறீர்கள்.

தோட்டக்காரி: மன்னிக்கவும், அது பசலையே இல்லை. பாலக். பசலை கொடியாகப் படரும்.

செங்காந்தள்: எங்கள் கடையில் பசலை என்றுதான் தருகிறார்கள்.

தோட்டக்காரி: கடைக்காரரும் உங்களைப் போலத்தான் போல.

செங்காந்தள்: போன மாதம் முருங்கை விவாதத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு இங்கே வந்து பழி தீர்க்க வேண்டாம் அம்மா.

தோட்டக்காரி: யார் வாங்கிக் கட்டிக்கொண்டது? பழைய பதிவுகள் அப்படியே இருக்கின்றன, போய்ப் பாருங்கள்.

மூன்றாம்பிறை: 2021இல் நாசா பரிசு கொடுத்ததே, ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள கல்லீரல் திசு, முப்பது நாள் உயிரோடு இருந்தது...

பனையோலை: நல்ல வேலை. அதற்கும் கீரைக்கும் என்ன சம்பந்தம்? கீரையில் ஓடியது மணி. நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

செங்காந்தள்: உங்களோடு பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்புதான் ஏறுகிறது.

பனையோலை: அதுவாவது ரத்தம்.

தோட்டக்காரி: பாலக் என்று திருத்திவிட்டுச் சண்டை போடுங்கள்.