ஏற்காடு மலைப்பாதையில் நின்றுபோன வண்டிகள்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஏற்காட்டிலுள்ள உறவினர் வீட்டிலிருந்து குடும்பத்தோடு சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 14-வது கொண்டை ஊசி வளைவைக் கடந்து சிறிது தூரம் வந்ததும் காரின் பின்புறம் தள்ளாடத் தொடங்கியது. இறங்கிப் பார்த்தால், இடப்பக்கப் பின்சக்கரத்தில் துளியும் காற்றில்லை. காலையில் கோரிமேட்டில் பெட்ரோல் போட்டபோது ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்த்திருந்தேன். ஜாக்கியும் ஸ்பேனரும் டிக்கியில் இருந்தன. பதினைந்து நிமிட வேலை என்றே நினைத்தேன். ஆனால் நான்கு நட்டுகளில் ஒன்றுகூட அசையவில்லை.

இரண்டு வாரங்களுக்கு முன்பு டயர் மாற்றிய கடையில் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டுகளை முறுக்கியிருந்தார்கள். சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதுமானது. வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனர் அந்த அளவை எண்ணித்தான் தரப்படுகிறது. துப்பாக்கியைக் கணக்கில்லாமல் அழுத்தினால் முறுக்கு அதற்கும் வெகுவாக மேலே போய்விடும். நான் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தபோது அது நழுவி, ஒரு நட்டின் முனைகள் மழுங்கத் தொடங்கின. முழுவதும் மழுங்கிவிட்டால் பிறகு எந்த ஸ்பேனரும் அதைப் பிடிக்காது என்பதால் அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கி, எதிரே இருந்த தடுப்புச் சுவரே மங்கலாகிவிட்டது.

கீழிருந்து காய்கறி ஏற்றி வந்த சிறிய சரக்கு வண்டியின் ஓட்டுநர், ஐம்பது வயதைக் கடந்தவர், நாங்கள் கை காட்டாமலேயே ஓரங்கட்டினார். அவர் முதலில் ஸ்பேனரைத் தொடவே இல்லை. குழந்தைகளைச் சாலையை விட்டு விலகி மலைச்சரிவின் ஓரமாக நிற்கச் சொன்னார். முன்சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தார். என் மைத்துனரிடம் டார்ச்சைக் கொடுத்து வளைவுக்கு மேலே அனுப்பினார். என்னிடம் இருந்த முக்கோண எச்சரிக்கைப் பலகையை நான் காருக்குப் பின்னால் பத்தடியில் வைத்திருந்தேன். வளைவைத் திரும்பி வருகிறவர் அதைப் பார்த்துப் பிரேக் போடுவதற்குள் காரின் மீதே வந்துவிடுவார் என்று சொல்லி, அதையும் வளைவுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தார். பிறகு தம் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டடி நீள இரும்புக் குழாயை எடுத்து ஸ்பேனரின் பிடியில் செருகி அழுத்தியதும் நான்கு நட்டுகளும் ஒவ்வொன்றாக இளகின. ஈர மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க அதன் அடியில் ஒரு பலகைத் துண்டை வைத்த பிறகே வண்டியைத் தூக்கினோம். வேலை முடிந்ததும் அவர் கற்களை எடுத்து ஓரமாக எறிந்துவிட்டு, "கல்ல ரோட்டுலயே உட்டுட்டுப் போயிட்டா, இருட்டுல பைக்குல வர்றவங்க அதுமேல ஏத்தி உழுந்துருவாங்க சார்" என்றார். மலைப்பாதையில் அப்படிக் கிடக்கும் கற்களை நானும் எத்தனையோ முறை ஒதுக்கி ஓட்டியிருக்கிறேன். ஏன் கிடக்கின்றன என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அடுத்த வாரமே நான்கு முனை ஸ்பேனர் ஒன்றும், அதற்குப் பொருந்தும் குழாயும், ஒன்றரை அடிப் பலகையும் வாங்கினேன். ஆனால் வாங்கி டிக்கியில் போடுவதோடு விட்டிருந்தால் பழைய நிலையேதான் என்று தோன்றியதால், வீட்டு வாசலில் நான்கு சக்கரங்களையும் கழற்றி மாட்டிப் பார்த்தேன். வண்டியின் அடியில் ஜாக்கியைப் பொருத்த வேண்டிய இடம் எது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் மனைவியும் ஒரு சக்கரத்தைத் துணையின்றித் தாமே கழற்றி மாட்டினார். இப்போது எந்த டயர் கடைக்குப் போனாலும் நட்டுகளைக் கடைசியாகக் கையாலேயே, ஒன்றுக்கு எதிர்ப்பக்கத்தில் மற்றொன்றாக, முறுக்கச் சொல்கிறேன்.

அம்மாபேட்டை உறுப்பினர்:

அண்ணா எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். மே மாதக் கோடை விழாவின்போது அடிவாரம் தாண்டி, முதல் கியரிலேயே நகர்ந்து நகர்ந்து ஏறிய நெரிசலில், என் காரின் வெப்பமுள் சிவப்புக்குப் போய்விட்டது. அருகில் நின்றவர்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். அதைச் செய்யாததே அன்று என் கையையும் முகத்தையும் காப்பாற்றியது. மூடிய ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருப்பதால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அழுத்தம் போனதும் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்துப் பீறிடும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் திறந்த பாத்திரத்து நீரே ஏறத்தாழ 95 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால், மேலே போகப் போக இந்த ஆபத்து கூடத்தான் செய்யும்.

எஞ்சினை நிறுத்தி, முக்கால் மணி நேரம் காத்திருந்து, மூடியில் கை வைக்கும் அளவுக்கு ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை. ரேடியேட்டர் விசிறியின் ஃபியூஸ்தான் எரிந்திருந்தது. ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே மாற்று ஃபியூஸ்கள் செருகியிருந்தும், அவை அங்கே இருப்பதை ஆறு ஆண்டுகளாக நான் பார்த்ததில்லை. அதே ஆம்பியர் உள்ளதை எடுத்துப் போட்டதும் விசிறி சுழன்றது. அவசரத்துக்குக் கம்பியைச் சுற்றி ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிச் செய்தால் அடுத்ததாக எரிவது வண்டியின் ஒயராக இருக்கும். புது ஃபியூஸும் உடனே எரிந்தால் பழுது மோட்டாரிலோ ஒயரிலோதான் இருக்கிறது. அந்த நிலையில் மேலே ஏறாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே சரி.

வாழப்பாடி உறுப்பினர்:

நான் குப்பனூர் வழியாக மோட்டார் சைக்கிளில் ஏற்காட்டுக்குப் போய் வருகிறவன். அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு. நின்றுவிட்டால் உதவிக்கு ஆள் வர நேரமாகும். ஒருமுறை கிளட்ச் கேபிள், கைப்பிடிக்கு அருகிலுள்ள ஈய முனையில் அறுந்துவிட்டது. பையில் மாற்றுக் கேபிள் இருந்தும், மழையில் டேங்கைக் கழற்றி, பழையது போயிருந்த வழியைத் தேடிப் புதியதை நுழைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இப்போது புதிய கேபிளை எண்ணெய் இட்டு, பழைய கேபிளின் பக்கத்திலேயே அதே வழியில் ஓட்டி, இரண்டு முனைகளிலும் பாலித்தீன் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைத்திருக்கிறேன். பழையது அறுந்தால் இரண்டு முனைகளை மட்டும் மாற்றி மாட்டினால் போதும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுவதும் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்பதைப் பார்த்த பிறகே கட்ட வேண்டும்.