சாக்ரிஃபிஷியல் கோட்டிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

தான் அரிபட்டு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும் பூச்சை ஆங்கிலத்தில் 'சாக்ரிஃபிஷியல் கோட்டிங்' என்கிறோம். அதற்குக் குழுவில் வந்த 'தியாகப் பூச்சு' என்ற பரிந்துரை மூலச்சொல்லுக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டறையில் நிற்பவருக்கு அது ஒன்றையும் விளக்காது. இரும்பின் மேல் துத்தநாகம் என்ன வேலை செய்கிறதோ, அதிலிருந்து சொல் பிறக்க வேண்டும்.

துத்தநாகத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44; எது மேலும் எதிர்மமோ அது எளிதில் கரையும். ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து மின்கலமாகின்றன. துத்தநாகம் ஆனோடாகி, அதாவது அரிபடும் முனையாகி, கரையும்; இரும்பு தப்பும். சிறு கீறலில் இரும்பு வெளியே தெரிந்தாலும் உடனே துருவேறாது. வெள்ளீயத்துக்கோ −0.14 தான். ஈரக்காற்றில் அதில் கீறல் விழுந்தால் நிலைமை தலைகீழ்: இரும்பே ஆனோடாகி, கீறலுக்குள் குழி பறித்துக்கொண்டு அரிமானம் இறங்கும். நிக்கல் பூச்சும் இப்படித்தான். கீறலைக் கண்டால் விட்டுவைக்கலாமா, உடனே சரிசெய்ய வேண்டுமா என்பதே இதைப் பொறுத்தது. ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் போதாது.

வெள்ளீயம், நிக்கல் வகைக்குத் 'தடுப்புப் பூச்சு'. துத்தநாக வகைக்கு என் பரிந்துரை 'முன்னரி பூச்சு': இரும்புக்கு முன்னே தான் அரிபடுவது. 'முந்தரி' என்றும் யோசித்தேன்; முந்திரியோடு குழம்பும்.

---

> வகைக்கு என் பரிந்துரை 'முன்னரி பூச்சு'

ஐயா, கருத்து சரி. சொல்லில் ஒரு சிக்கல். கரையான் மரத்தை அரிக்கும், துரு இரும்பை அரிக்கும். 'அரி' செயப்படுபொருள் கேட்கும் வினை. 'முன்னரி பூச்சு' என்றால் பூச்சு எதையோ முதலில் அரிக்கிறது என்று பொருள்படும். 'முன்னரிபடு பூச்சு' எனலாமே? வினைத்தொகை, எனவே நடுவில் ஒற்று மிகாது.

'முலாம்' என்று முடிக்க வேண்டாம். சுமார் 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்தால் முலாம் எனலாம். துத்தநாகத்தூள் பெயின்டும் இதே காவலைத் தருகிறதே! அதில் துகளும் துகளும், துகளும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மின்னோட்டம் கிடைக்கும். அதனால்தான் காய்ந்த படலத்தில் எடைக்கு 80 விழுக்காடாவது தூள் கேட்கிறார்கள். பழைய பெயின்டின் மேலோ துருவின் மேலோ அடித்தால் தொடர்பு அறுந்துவிடும். டப்பாவின் அடியில் படிந்த தூளைக் கிளறாமல் மேலே நிற்பதை மட்டும் அடித்தாலும் அதே கதி. பெயர் என்னவாக இருந்தாலும் அப்போது அது தடுப்புப் பூச்சுதான்.

---

'அரிபடு' திருத்தத்தை முழுமனதாக ஏற்கிறேன், அம்மா. விளக்கக் குறிப்பில் தடிமனையும் சேர்ப்போம். தன்னையே இழந்து காப்பதால், பூச்சின் ஆயுள் ஏறக்குறைய அதன் தடிமன் அளவுக்கே நீளும். தோய்ப்பு முறையில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட எஃகுக்குச் சராசரி 85 மைக்ரான் வேண்டும் என்பது ஐஎஸ்ஓ 1461 என்ற பன்னாட்டுத் தரநிலை. மின்முலாமில் கிடைப்பது பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரான். திறந்தவெளி போல்ட்டுக்கு அது பற்றாது. இன்னொன்று, சுமார் 60 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் துத்தநாகமும் இரும்பும் இடம் மாறிவிடக்கூடும். அங்கே இந்தப் பெயரே பொருந்தாது.

அலுமினியத்தின் அனோடைசிங்கை (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடுப் படலம் உண்டாக்குவதை) இதில் சேர்க்காதீர்கள். அந்த ஆக்சைடு உலோகத்திலிருந்தே வளர்வது, மேலே பூசுவதல்ல. அதற்கு 'வளர்படலம்' என்ற சொல்லைத் தனி இழையில் பேசுவோம்.

பதிவுக்கு: முன்னரிபடு பூச்சு – அடி உலோகத்துடன் மின்தொடர்பில் இருந்து, அதற்கு முன்னே தான் அரிபட்டு அதைக் காக்கும் பூச்சு.