பெரிய வண்டியை முதலில் நம்ம சந்துக்குள் ஓட்டிப் பாருங்கள்

வடக்கு மாசி வீதியிலிருந்து:

11 வருடம் ஸ்பிளெண்டர் ஓட்டிவிட்டு, 2025 சித்திரையில்தான் பெரிய வண்டி ஆசை வந்தது. வீடு மதுரை மாசி வீதியை ஒட்டிய சந்தில். வேலை கப்பலூரில். போக வர தினமும் 30 கிலோமீட்டர். தேனியில் இருக்கும் மச்சானிடம் 450 சிசி வண்டி ஒன்று உண்டு. "ஒரு வாரம் வச்சு ஓட்டிப் பாருங்க மாப்ள, அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

அன்றே போடிமெட்டு ஏறினேன். 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி திணறவே இல்லை. ஸ்பிளெண்டரில் முதல் கியருக்கு இறக்கி உறுமவிட்டு ஏறும் இடங்களில் இது சும்மா ஏறியது. ஆண்டிபட்டி கணவாய், உசிலம்பட்டி வழியாக ஊர் திரும்பும்போது மனதுக்குள் வண்டியை வாங்கியே விட்டேன்.

திங்கட்கிழமை காலை எல்லாம் மாறியது. எங்கள் வாசலில் சின்னச் சரிவு. வண்டியைப் பின்னால் இழுத்துத்தான் சந்தில் இறக்க வேண்டும். ஸ்பிளெண்டர் 112 கிலோ. பின்கம்பியைப் பிடித்துத் தூக்கி, நின்ற இடத்திலேயே திருப்பிவிடுவேன். இதுவோ 200 கிலோவைத் தொடும். ஒரு நெல் மூட்டையையும் கூடவே நகர்த்துவது போல இருந்தது. எதிர்வீட்டுத் தம்பி வந்து தள்ளிக் கொடுத்த பிறகுதான் வண்டி தெருவுக்கு வந்தது. தினமும் காலையில் யாரைக் கூப்பிடுவது?

சாயங்காலம் சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் வரை நெரிசல். எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டர் வைத்த எந்த வண்டியும் நகராமல் நின்றால் காற்று கிடைக்காது. அப்போது மின்விசிறி சுழன்று சூட்டை வெளியே தள்ளும். சித்திரை வெயிலில் அது முழங்காலில் வந்து அடிக்கும். நாலுவழிச் சாலையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது அம்மாதான். வயது 64, மூட்டுவலி. வெள்ளிக்கிழமை தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போகணும். திண்ணையில் ஏறி நின்று ஒருவழியாக உட்கார்ந்துவிட்டார். கோயிலில் இறங்கத் திண்ணை ஏது? என் தோளைப் பிடித்துத் தொங்கி இறங்கினார். திரும்பும்போது, "நீ வண்டியில போய்யா, நான் ஆட்டோல வந்துர்றேன்" என்றார். அந்த ஆட்டோவுக்குப் பின்னாலேயே வீடு வரை ஓட்டி வந்தேன்.

அதன்பிறகு வண்டி பார்த்த விதமே வேறு. எடை, இருக்கை உயரம், பின்சீட்டில் ஏறும் வசதி ஆகியவற்றை முதலில் கேட்டேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 எடை 195 கிலோ, இருக்கை 805 மில்லிமீட்டர். அதே கம்பெனியின் ஹண்டர் 350 எடை 181 கிலோ, இருக்கை 790. இரண்டிலும் அதே 349 சிசி எஞ்சின். ஹண்டரை எங்கள் சந்துக்கே கொண்டுவரச் சொல்லி, வாசல் சரிவில் நானே இழுத்துப் பார்த்துவிட்டு எடுத்தேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40 சதவீதம் என்று ஆனதும் தோதாகப் போயிற்று.

பெட்ரோல் கூடுதல்தான். ஸ்பிளெண்டர் எனக்கு லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுத்தது, இது 35. வேலைக்குப் போய்வர மட்டுமே மாதம் 9 லிட்டர் போல அதிகம் பிடிக்கிறது. அதைக் கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். சிறுமலையின் 18 வளைவுகளும் ஏறியாகிவிட்டது, குறை ஒன்றும் தோன்றவில்லை.

இன்னொன்று. அலங்காரச் சாமான் விற்கும் கடை ஒன்றில், சேலை கார்டைக் கழற்றினால் வண்டி எடுப்பாக இருக்கும் என்றார்கள். கழற்றாதீர்கள். பின்னால் இருப்பவரின் துணி சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது.

போடியிலிருந்து:

அண்ணே, உங்கள் சந்துக்கு நீங்கள் சொல்வது சரி. எனக்கு நேர் எதிர். ஏலத்தோட்டத்தில் வேலை, வாரம் நாலு நாள் மேலே ஏறணும். தோட்டத்துப் பாதையில் தார் கிடையாது, கல்லும் சேறும்தான். ஹிமாலயன் 450 வைத்திருக்கிறேன். தரையிலிருந்து 230 மில்லிமீட்டர் இடைவெளி, 17 லிட்டர் டேங்க். முன்பு இருந்த வண்டியில் அடிப்பாகம் கல்லில் இடித்து இடித்தே செலவு வைத்தது. வீட்டு முன்னால் களம் இருப்பதால் வண்டியை வட்டமடித்துத் திருப்பிவிடுவேன், பின்னால் இழுக்கும் வேலையே இல்லை. அம்மாவைக் கூட்டிப் போகவும் வீட்டில் ஸ்கூட்டி தனியாக இருக்கிறது.

திருமங்கலத்திலிருந்து:

நான் 5 அடி 3 அங்குலம். 350 வண்டி வாங்கிய மூன்றாம் வாரமே கோரிப்பாளையம் சிக்னலில் வலது பக்கமாகச் சாய்த்துவிட்டேன். சாலை ஓரம் சரிந்திருந்ததில் கால் எட்டவில்லை. குனிந்து கைகளால் தூக்கப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகு ஒரு மெக்கானிக் அண்ணன் சொல்லிக் கொடுத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு கியரில் போடணும், அப்போது வண்டி உருளாது. வலது பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்து வைக்கணும், இல்லாவிட்டால் நிமிர்த்தும் வேகத்தில் இடது பக்கம் சாய்ந்துவிடும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பை சீட்டில் ஊன்றி, ஒரு கையால் ஹேண்டில் பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, கால்களால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் தள்ளணும். பாரம் முழுக்கத் தொடைக்குப் போய்விடுகிறது, முதுகுக்கு வேலையில்லை. வீட்டில் பழைய மெத்தையைப் போட்டு இரண்டு முறை பழகினேன். லெக் கார்டும் மாட்டிவிட்டேன். அண்ணே, பழைய ஸ்பிளெண்டரை என்ன செய்தீர்கள்?

வடக்கு மாசி வீதியிலிருந்து:

விற்கவில்லை தம்பி. காய்கறிக் கடைக்கும், மழை நாளில் கப்பலூருக்கும் அதில்தான் போகிறேன். நீங்கள் சொன்ன மெத்தைப் பயிற்சியை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்துபார்க்கிறேன்.